ஒரு மாத்திரைக்குள் ஆறு படம்

கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன், உள் அறையிலிருந்து குரல் கொடுத்தான். "மாமா, கேம் லேக் அடிக்குது. மலை மேல ஏறினா போதும், நின்னு நின்னு போகுது."

போய்ப் பார்த்தேன். கட்டிலில் குப்புறப் படுத்து, தலையணை மேல் மடிக்கணினியை வைத்து மைன்கிராஃப்ட் விளையாடிக்கொண்டிருந்தான். மலையுச்சியில் நின்று தலையைத் திருப்பினால் காட்சி வழுக்கிக்கொண்டு வர வேண்டும். இங்கே வெட்டி வெட்டி வந்தது. எஃப் 3 விசையை அழுத்தச் சொன்னேன். திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் வரிகள் தோன்றின. நான் தேடிய எண் அங்கே இருந்தது: 17 எஃப்.பி.எஸ்.

நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு குச்சி மனிதனை வரைந்து, கட்டைவிரலால் சர்ரென்று புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? குச்சி மனிதன் ஓடுவான். திரையில் அசைகிற எல்லாமே அந்த வித்தைதான். அசையாத படங்கள் வரிசையாக வருகின்றன, நம் மூளை அவற்றைக் கோத்துக்கொள்கிறது. ஒரு படம் ஒரு ஃப்ரேம். விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று சொல்வதுதான் எஃப்.பி.எஸ்.

"சினிமாவுக்கு 24தானே? அது மட்டும் எப்படி வழுக்கிக்கிட்டுப் போகுது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஓடுகிற ஆளை சினிமா கேமரா பிடிக்கும்போது, ஒவ்வொரு படத்திலும் அவர் கொஞ்சம் இழுபட்டு, மங்கலாகவே பதிவாகிறார். அந்த மங்கல் ஒரு படத்தை அடுத்த படத்தோடு ஒட்டவைக்கிறது. விளையாட்டுப் படங்கள் பெரும்பாலும் பளிச்சென்று இருக்கும். அதனால் இடைவெளி கண்ணில் குத்தும். அதோடு, சினிமாவை நாம் பார்க்க மட்டும்தான் செய்கிறோம். விளையாட்டிலோ நம் கை பதிலுக்குக் காத்திருக்கிறது.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. 1995இல் வந்த 'டாய் ஸ்டோரி', முழுக்க முழுக்கக் கணினியிலேயே உருவான முதல் முழுநீளத் திரைப்படம். அதன் ஒரே ஒரு ஃப்ரேமைக் கணக்கிட்டு முடிக்கச் சில இடங்களில் பல மணி நேரம் ஆனது. ஆகட்டும் என்று காத்திருக்க முடிந்தது. ஏனென்றால் பொம்மைகள் எங்கே திரும்பும் என்பது முன்பே முடிவாகிவிட்டது. ஆனால் நீங்கள் இடப்பக்கம் திரும்புவீர்களா, குழி தோண்டுவீர்களா என்று கணினிக்குத் தெரியாது. நீங்கள் மவுஸை நகர்த்திய பிறகுதான் அது வரையவே தொடங்க முடியும். எங்கேயும் எடுத்துவைத்த படம் கிடையாது.

விநாடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.67 மில்லி விநாடி. தமிழ் வகுப்பில் மாத்திரை படித்திருப்பீர்கள்: இயல்பாகக் கண் இமைக்கவோ கை நொடிக்கவோ ஆகும் நேரம். கண் இமைக்கப் பத்தில் ஒரு பங்கு விநாடியாவது ஆகும். அதற்குள் ஆறு படம் வரைந்தாக வேண்டும்!

ஒரு படத்தில் எவ்வளவு வேலை இருக்கும்? கோலப் புத்தகத்தில் '8 புள்ளி 8 வரிசை' என்று போட்டிருந்தால் 64 புள்ளி. '16 புள்ளி 16 வரிசை' என்றால்? இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு: 256. திரையும் ஒரு புள்ளிக்கோலம்தான். சாதாரணத் திரையில் வரிசைக்கு 1,920 புள்ளி, மொத்தம் 1,080 வரிசை. ஆக 20,73,600 பிக்சல்கள். '4கே' திரையில் இரு பக்கமும் இரட்டிப்பாவதால் 82,94,400. ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று தனித்தனியே முடிவு செய்ய வேண்டும், அதுவும் விநாடிக்கு 60 தடவை. இத்தனை புள்ளியையும் ஒரே ஆள் வைத்து முடியாது. அதனால்தான் கிராஃபிக்ஸ் சிப்பில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னக் கணக்குப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் புள்ளி, எல்லோரும் ஒரே சமயத்தில். கோழி எங்கே நடக்கிறது, தண்ணீர் எங்கே பாய்கிறது என்பது போன்ற யோசனை வேலைகளைப் பார்ப்பது சிபியு.

சரி, எங்கள் 17க்கு யார் காரணம்? தலையணைதான் முதலில் மாட்டியது. மடிக்கணினியின் அடியில் காற்று இழுக்கும் துளைகளை அது அடைத்திருந்தது. சிப் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேசைக்கு மாற்றி, பத்து நிமிடம் ஆறவிட்டோம். 17, 24 ஆனது. ஒரு செட்டிங்கைக்கூட இன்னும் தொடவில்லை!

பிறகு சோதனை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று பேசிக்கொண்டோம். இரண்டை மாற்றினால் எதனால் பலன் வந்தது என்று தெரியாது. விளையாட்டு ஓடும் சன்னலை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கினான். புள்ளிகள் கால் பங்காகிவிட்டன. எண்ணோ 24லிருந்து 26 ஆனதோடு சரி. அவனுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு இதுதான் பிடித்த இடம். புள்ளிகளைக் குறைத்தும் வேகம் கூடவில்லை என்றால், தாமதம் புள்ளி வைக்கும் இடத்தில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம். 'இல்லை' என்ற பதிலும் வழிகாட்டும்.

அடுத்து 'ரெண்டர் டிஸ்டன்ஸ்', அதாவது எவ்வளவு தூரம் வரை உலகம் தெரிய வேண்டும் என்பது. 24 என்று வைத்திருந்தான். மைன்கிராஃப்ட் உலகம் 16க்கு 16 கட்டைகள் கொண்ட துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு துண்டுக்கு 'சங்க்' என்று பெயர். உங்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் 24 சங்க் என்று சதுரமாகக் கணக்குப் போடுங்கள்: 49 x 49 = 2,401. அதை 10 ஆக்கினால் 21 x 21 = 441. தூரம் பாதிக்கும் சற்றுக் கீழே போனது, வேலையோ ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. மறுபடியும் அதே கோலக் கணக்கு! எண் 58க்குப் பாய்ந்தது. பையன் நாற்காலியிலேயே குதித்தான்.

வேறு விளையாட்டுகளில் முதலில் நிழலைக் குறைத்துப் பாருங்கள். பல விளையாட்டுகளில் எது வெயிலில் இருக்கிறது, எது நிழலில் இருக்கிறது என்று அறிய, சூரியன் இருக்கும் இடத்திலிருந்து காட்சியை இன்னொரு முறை வரைந்து பார்க்கிறார்கள். ஒரு படத்துக்கு இரண்டு படத்தின் உழைப்பு.

ஒரு எச்சரிக்கை. எஃப்.பி.எஸ். எண் சில சமயம் ஏமாற்றும். முதல் அரை விநாடியில் 59 படம் வந்து, கடைசிப் படத்துக்கு மட்டும் அரை விநாடி ஆனாலும் எண் 60 என்றே காட்டும். கண்ணுக்கோ பெரிய தடுக்கல். என்னைக் கேட்டால், 40க்கும் 90க்கும் நடுவே துள்ளுவதைவிட 45லேயே சீராக ஓடுவது எவ்வளவோ மேல்.

வேலை குறைந்தால் வேகம் கூடும் என்பது பழைய சேதி. 1978இல் ஜப்பானில் தோமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டை உருவாக்கினார். அதில் 55 வேற்றுக்கிரக எதிரிகள். சுடச்சுட மிச்சமிருப்பவர்கள் வேகம் பிடித்தார்கள். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் சிப் அவற்றைச் சீக்கிரம் சீக்கிரமாக நகர்த்திவிட்டது. அவர் அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார். கடைசி எதிரியைச் சுடத்தான் எல்லோரும் திண்டாடினார்கள்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா மகனுக்கு வேறு கவலை வந்துவிட்டது. "மாமா, அங்க ஒரு மலை இருந்துச்சே, காணோம்!"

10 சங்க்குக்கு அப்பால் வெறும் மூட்டம்தான். "அந்தப் பக்கம் நடந்து பாரு" என்றேன். நடந்தான். காட்சி இப்போது வழுக்கிக்கொண்டு போனது. கொஞ்ச தூரத்தில் மூட்டத்துக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு முனை எட்டிப் பார்த்தது.