தேன் பண்ணை பார்க்கப் போகிறீர்களா?

தேனீ வளர்க்கச் சொந்தக் காணி வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் மார்த்தாண்டத்தில் பலர் பிறருடைய றப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்தே தேன் எடுக்கிறார்கள். 1920களில் வை.எம்.சி.ஏ. அங்கு பரப்பிய தொழில் இது. றப்பரில் இனிப்பு சுரப்பது பூவில் அல்ல, இலைக்காம்பில். வன்னியில் எமக்குப் பாலையும் வீரையும் வேம்பும் உண்டு.

பண்ணைக்குப் போனால் முதலில் கரண்டியில் தேன் தருவார்கள். சுவையுங்கள், ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாவில் மட்டும் தடவ வேண்டாம், அது ஆபத்து. அத்துடன் திரும்பிவிடாமல் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மெழுகால் மூடிய அறைகளில் உள்ளதே முதிர்ந்த தேன். மூடாத வதையிலிருந்து எடுத்த தேனில் நீர் மிகுந்திருக்கும். வைத்திருந்தால் புளித்து நுரைக்கும். தேன் உறைந்திருந்தால் மட்டும் கலப்படம் என்று எண்ண வேண்டாம்.

பூவில்லாத மாதங்களில் சீனிப்பாகுக்கு எவ்வளவு செலவு, கூட்டம் பறந்துபோனால் என்ன செய்வது என்றும் கேளுங்கள். 1990களின் தொடக்கத்தில் புழுக்களைத் தாக்கிய வைரசு நோயால் மார்த்தாண்டத்தில் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. ஆகவே கடன்பட்டுப் பத்துப் பெட்டி வாங்காமல் இரண்டுடன் தொடங்குங்கள். பெட்டிக் கால்களை நீர் ஊற்றிய சிரட்டைகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. ஊர் திரும்பும்போது, இருட்டியபின் வாசலை அடைத்துப் பெட்டியையும் கூடவே கொண்டுபோகலாம்.