பொரித்த கோழியும் தோட்டத்து ரொட்டியும்

கோழித் துண்டு கொதிக்கும் எண்ணெயில் விழுந்ததும் முதலில் வெளியேறுவது அதிலுள்ள தண்ணீர். சட்டியில் எழும் சலசலப்பு அந்த நீர் ஆவியாகும் ஓசைதான். பொரித்த கோழியின் சத்துக் கணக்கு பெரும்பாலும் இந்த இடத்திலேயே மாறிவிடுகிறது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவு அட்டவணைப்படி, தோல் நீக்கிய பச்சை நெஞ்சிறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 120 கலோரியும் 22 கிராம் புரதமும் உண்டு. கொழுப்பு 3 கிராமுக்கும் குறைவு. அதையே மா தடவாமல் பொரித்தால், 100 கிராமில் கலோரி 187 ஆகவும் புரதம் 33 கிராமாகவும் ஏறுகிறது. புதிதாகப் புரதம் எதுவும் சேரவில்லை. நீர் வற்றியதால் இறைச்சி சுருங்கி, இருந்த புரதம் செறிவாகிறது. கொழுப்பும் 5 கிராமைத் தாண்டுவதில்லை.

தோலும் மாக்கலவையும் சேரும்போதுதான் கணக்கு வேறாகிறது. தோலுடன் மாவில் தோய்த்துப் பொரித்த நெஞ்சுத் துண்டில் 100 கிராமுக்கு 260 கலோரி, 13 கிராம் கொழுப்பு. சிறகுப் பகுதியில் சதை குறைவு, தோல் அதிகம் என்பதால் கலோரி 324 வரையும் கொழுப்பு 22 கிராம் வரையும் போகிறது. பொரியும்போது வெளியேறும் நீராவி எண்ணெயை உள்ளே விடாமல் தள்ளிக்கொண்டிருக்கும். சட்டியிலிருந்து எடுத்து ஆறத் தொடங்கிய பிறகே மேலோட்டில் ஒட்டிய எண்ணெய் நுண்துளைகள் வழியே உள்ளே இழுபடுகிறது. ஆகவே எடுத்த சூட்டோடு நன்றாக வடியவிட்ட துண்டுக்கும், அப்படியே தட்டில் குவித்து வைத்த துண்டுக்கும் கொழுப்பில் வித்தியாசம் இருக்கும்.

மலையகத்தில் பொரித்த கோழி இரண்டு விதமாகக் கிடைக்கிறது. லயத்து வீட்டில் மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு பிரட்டி, மாவில்லாமல் பொரிப்பது ஒன்று. ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை நகரக் கடைகளில் பிரைட் ரைஸ் பார்சலின் மேல் வைத்துத் தரும் சிவந்த கால் மற்றது. முதலாவதில் உப்பும் எண்ணெயும் சமைப்பவர் கைக்குள் நிற்கின்றன. இரண்டாவதில் அப்படியல்ல. துரித உணவுக் கடைகளின் மாவில் தோய்த்த கோழியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம் உப்பு இருப்பது சாதாரணம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோற்றிலும் சோஸிலும் உள்ள உப்பு இதற்கு மேல் வேறு.

நகரத்து வைத்தியர் பொரித்த கோழியைக் குறைக்கச் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த அறிவுரையை அப்படியே தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் பொருந்தாது. இலங்கையின் 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். பெருந்தோட்டத் துறையில் 32 சதவீதம். இது இரண்டொரு மாதப் பசியால் வருவதல்ல. கர்ப்பகாலத்திலிருந்தே நீளும் போஷாக்குக் குறைவும் அடிக்கடி வரும் நோயும் சேர்ந்து விளைவிப்பது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாயை எட்டியது. அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடி வந்து சாமான் விலையை எங்கோ கொண்டுபோனது. சம்பள நாளிலும் பண்டிகையிலும் மட்டும் கோழி வாங்கும் வீட்டில், அதன் கொழுப்பைவிட அது இல்லாத மற்ற நாட்களே பெரிய கவலை.

அந்த நாட்களின் தட்டில் இருப்பது பெரும்பாலும் கோதுமை மா ரொட்டி, சம்பல், பருப்பு, எப்போதாவது கருவாடு. கோதுமை மா 100 கிராமில் 10 கிராம் அளவு புரதம் இருந்தாலும் அது முழுமையான புரதமல்ல. உடலால் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத லைசின் என்ற அமினோ அமிலம் அதில் தேவையின் பாதியளவே உள்ளது. லைசின் குறைந்தால், ரொட்டியிலுள்ள மற்ற அமினோ அமிலங்களையும் உடல் தசை வளர்ச்சிக்கு முழுதாகப் பயன்படுத்துவதில்லை. கோழியிறைச்சியிலோ லைசின் தாராளம். சிறு துண்டு சேர்ந்தாலே ரொட்டியின் புரதமும் உடலில் ஒட்டத் தொடங்கும். பருப்பும் இந்த வேலையைச் செய்யும், செலவும் குறைவு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. பருப்பில் இல்லாத விற்றமின் பி12உம், எளிதில் உறிஞ்சப்படும் துத்தநாகமும் இரும்பும் கோழி தரும் மேலதிக இலாபம்.

மாவில் தோய்த்துப் பொரித்த ஒரு காலில், எலும்பு நீக்கினால், ஏறத்தாழ 72 கிராம் இறைச்சி தேறும். அதில் 16 கிராம் புரதமும் 11 கிராம் கொழுப்பும் 190 கலோரிக்குச் சற்று மேலும் உண்டு. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவையான புரதம் 13 கிராம்தான். ஒரு காலிலேயே அது நிறைந்துவிடுகிறது. அதே கால், பிரஷருக்கு மாத்திரை எடுக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு உப்பும் கொழுப்புமாகவே கணக்காகும். ஒரே சட்டியில் பொரித்ததை எல்லோருக்கும் ஒரே அளவாகப் பங்கிடுவது நேர்மையாகத் தெரியலாம். சத்துக் கணக்கில் அது நல்ல பங்கீடல்ல.

இரும்புச் சத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு காலில் ஒரு மில்லிகிராம் அளவே இரும்பு உள்ளது. கர்ப்பிணிக்குத் தேவை நாளொன்றுக்கு 27 மில்லிகிராம். கோழியின் பயன் அதிலுள்ள இரும்போடு முடிவதில்லை. கீரை, பருப்பு, ரொட்டியிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்காது. இறைச்சி கூட இருந்தால் ஏற்பது கூடும். தேயிலையோ இதற்கு நேரெதிர். சாப்பாட்டோடு குடிக்கும் பிளேன்டீயிலுள்ள பொலிபீனோல்கள் தாவர உணவின் இரும்பைப் பிடித்துக்கொண்டு, உறிஞ்சப்படும் அளவைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். கொழுந்து பறிப்பவர்களின் இரத்தச்சோகைக்கு அவர்கள் பறிக்கும் இலையும் ஒரு காரணமாக முடியும் என்பது கசப்பான வேடிக்கை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடித்தால் இந்தத் தடை பெரிதும் குறையும். இரும்புக்காகவே கோழி வாங்குபவர்கள் ஈரலைப் பார்க்கலாம்: சமைத்த கோழி ஈரல் 100 கிராமில் 12 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கும். விற்றமின் ஏயும் அதில் மிக அதிகம் என்பதால், கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் அடிக்கடி சாப்பிடுவது நல்லதல்ல.

மலைநாட்டில் கோழி பொரிப்பதில் தனிச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். 1,270 மீட்டர் அளவிலுள்ள ஹட்டனில் 96 பாகையில். ஈரமுள்ள இறைச்சியின் வெப்பம் நீரின் கொதிநிலையைத் தாண்டாது. எண்ணெயின் சூட்டுக்கோ அப்படி எல்லையில்லை. இதனால் மேல்பகுதி சீக்கிரம் வறண்டு சிவந்துவிட, எலும்பை ஒட்டிய சதை வேகாமல் நிற்கும். அந்தச் சதையும் 74 பாகையை எட்டினால்தான் சல்மொனெல்லா போன்ற கிருமிகள் அழியும். கொழும்பில் பொரிப்பதைவிட எண்ணெயின் சூட்டைப் பத்துப் பாகை வரை குறைத்து, கூடுதல் நேரம் விடுவது பாதுகாப்பு. விறகடுப்பில் இந்தக் கட்டுப்பாடு எளிதல்ல. முதலில் அவித்துவிட்டுப் பொரிக்கும் வீடுகளில் இந்தச் சிக்கல் இல்லை. அவித்த நீரில் கரைந்துபோகும் பி வகை விற்றமின்களை இழக்காமலிருக்க, அந்த நீரைக் குழம்பில் சேர்க்கலாம்.

எந்த எண்ணெய் என்பதும் கணக்கில் வரும். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 80 சதவீதத்துக்கு மேல். பாம் எண்ணெயில் பாதியளவு. சூட்டில் விரைவில் கெடாது என்பது தேங்காய் எண்ணெயின் பலம். கெட்ட கொலஸ்ட்ரோலை உயர்த்துவது அதன் பலவீனம். சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் 175 பாகையளவில் புகையத் தொடங்கும். கோழி பொரிக்கும் சூடும் ஏறத்தாழ அதுவே என்பதால், புகை எழுந்தால் அடுப்பைத் தணிக்க வேண்டும். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அது கறுத்து, தடித்து, நுரைக்கும். புகையும் முன்னைவிடக் குறைந்த சூட்டிலேயே வரும். வீட்டில் ஒருமுறை பொரித்த எண்ணெயை வடிகட்டி, அடுத்த நாள் கறி தாளிக்க எடுப்பதில் பெரிய கேடில்லை. கறுத்து நுரைத்த எண்ணெயைக் கொட்டிவிடுவதே சரி.