முதல் நூலை வாங்கியவர் முதல் பக்கத்தைப் படித்தாரா?

நம் நாட்டில் ஒரு தமிழ் நூல் வெளியீடு கண்டால் மண்டபம் நிறைகிறது. குத்துவிளக்கு, பொன்னாடை, தலைவர்கள் உரை. முதல் நூலைப் பிரமுகர் ஒருவர் பெற்றுக்கொள்ள, மற்றவர்கள் உறையில் பணம் வைத்துக் கொடுத்து வரிசையாக வாங்குகிறார்கள். அச்சுச் செலவு அன்றே ஓரளவு கைக்கு வருகிறது. இதைக் குறை சொல்வதற்கில்லை; இவ்வழக்கம் இல்லாவிட்டால் பல நூல்கள் கையெழுத்துப் படியாகவே கிடந்திருக்கும். ஆனால், வீடு போன நூல் படிக்கப்படுகிறதா?

இப்படியொரு நூல் வந்திருக்கிறது என்று சொல்வது அறிமுகம். வாங்கிப் படிக்கலாமா என்று சொல்வது மதிப்புரை. எப்படி எழுதப்பட்டிருக்கிறது, எங்கே நிற்கிறது, எங்கே சரிகிறது, முன்பு வந்த நூல்களுக்கிடையே அதன் இடம் என்ன என்று ஆராய்வதே திறனாய்வு. மேடையில் 'நூலாய்வு' என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் முதல் வகைதான். சில வேளைகளில் அதுவுமில்லை, நூலாசிரியரின் குடும்பப் பெருமையோடு நேரம் முடிந்துவிடுகிறது!

காரணம் புரியாததல்ல. எழுதுபவர், படிப்பவர், ஆய்வு செய்பவர் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்த சிறிய வட்டம் இது. இன்று குறை சொன்னவர், நாளை தம் நூலோடு அதே மேடைக்கு வர வேண்டும்.

ஆனால் இம்மண்ணில் வேறு வழக்கமும் இருந்திருக்கிறது. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய 'கதை வகுப்பு', புதிதாக எழுத வந்தவர்களுக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுத்தது. 1952இல் அந்நாளேட்டுக்கு வந்த கு. அழகிரிசாமி, இலக்கிய வட்டம் கூட்டிக் கதைகளை விவாதிக்க வைத்தார். தமிழகத்தில் சி.சு. செல்லப்பா விமர்சனத்துக்கு முதலிடம் கொடுத்து 'எழுத்து' இதழைத் தொடங்கிய 1959க்கு முந்தியவை இவை.

விமர்சனம் என்றால் திட்டுவது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. தோட்டத்து நாவல் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். "தோட்ட வாழ்க்கையைத் தத்ரூபமாகக் காட்டுகிறது" என்பதில் ஆசிரியருக்கும் பயனில்லை, வாசகருக்கும் பயனில்லை. "விடியலில் பால்மரம் வெட்டும் காட்சியில் உயிர் இருக்கிறது, கங்காணி வாய் திறந்ததும் பட்டிமன்றப் பேச்சாளராகி விடுகிறார்" என்று சொல்லிப் பாருங்கள். எந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரியும். அந்தக் காட்சியைப் படிக்க வாசகருக்கும் ஆசை வரும்.

கடுஞ்சொல்லால் மனமுடைந்து எழுத்தை விட்டவர்கள் உண்டு, மறுக்க முடியாது. முந்நூறு நூல்கள் விற்ற பிறகும் கதையைப் பற்றி ஒரு கேள்விகூட வராமல், இரண்டாம் நூலை எழுதாமலே இருந்துவிட்டவர்களை யாரும் கணக்கெடுக்கவில்லை.