தெரிவும் விளைவும்: இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டுகள் பற்றிய ஒரு நோக்கு

அச்சேறிய நாவலின் முடிவை வாசகன் மாற்றுதல் இயலாது. கணினி விளையாட்டோ அவனையே கதைமாந்தனாக்கி, கதையின் போக்கைத் தெரிவு செய்யும் உரிமையையும் அவனிடமே ஒப்படைப்பதாகக் கூறப்படுகின்றது. பல்லாயிரவர் ஒரே உலகில் கூடி ஆடும் இணையவழி விளையாட்டுகளில் இவ்வுரிமை எத்தகையது என்பதே ஈண்டு எமது வினாவாகும்.

பயோவெயார் நிறுவனம் உருவாக்க, 2011 டிசம்பர் 20 இல் வெளிவந்த 'ஸ்ரார் வோர்ஸ்: த ஓல்ட் ரிபப்ளிக்' இவ்வகையில் சிறந்த எடுத்துக்காட்டாகும். எட்டு வகைப் பாத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக்கதை, உரையாடல்கள் யாவும் நடிகர்களாற் பேசப்பட்டவை. அதன் தொடக்கப் பகுதிகளுள் ஒன்றிலே, 'பிளாக் ரலன்' என்னும் கப்பலின் தலைவன் மேலிடத்துக் கட்டளைக்கு இணங்க மறுக்கின்றான். அவனைக் கொல்வதா, உயிருடன் விடுவதா என்பது ஆடுபவரின் தெரிவு. கொன்றால் வேறொருவர் தலைமை ஏற்கின்றார். விட்டால் அவனே தொடர்கின்றான். எவ்வாறாயினும் கப்பல் அதே எதிரிக் கப்பலைத் தாக்கவே செல்கின்றது. பிரிந்த பாதைகள் மீண்டும் ஒன்றாகி விடுகின்றன.

இதற்குக் காரணம் எழுத்தாளரின் கற்பனை வறட்சியன்று, உற்பத்தி நிலைமைகளேயாகும். ஒவ்வொரு கிளையும் எழுத்தாளர், நடிகர், ஓவியர் ஆகியோரின் புதிய உழைப்பை வேண்டி நிற்பது. மூன்று இடங்களில் இரண்டிரண்டாகப் பிரிந்தால் எட்டு முடிவுகள். பத்து இடங்களிற் பிரிந்தால் 1,024 முடிவுகள். அன்றியும், ஒருவர் அழித்த நகரிலேதான் அடுத்தவர் தம் கதையைத் தொடங்க வேண்டியுள்ளது. எனவே பொது உலகம் அசையாதிருக்க, தனிக்கதை மட்டுமே அசைகின்றது. 2016 இல் வெளிவந்த தொடர்ச்சியில் வெற்றே, ரோரியன் எனும் இரு தோழருள் ஒருவரையே காப்பாற்றலாம்; மற்றவர் இறப்பார். அவ்விழப்பு அவ்வாட்டக்காரருக்கு மெய்யானதே. ஆயினும் அயலில் நிற்பவரின் உலகிலே இறந்தவர் உயிருடன் உலாவக்கூடும்.

அவ்வாறாயின் தெரிவு பொருளற்றதா? அன்று. குழுவாக ஆடும்போது ஒவ்வொருவரும் ஒரு விடையைத் தெரிவர். எவர் விடை ஒலிக்கும் என்பதைக் குலுக்கலே தீர்மானிக்கும். எனினும் நன்மை, தீமைப் புள்ளிகள் அவரவர் தெரிவுக்கேற்பவே சேரும். விளைவை மாற்ற இயலாதபோதும் தம் நிலைப்பாட்டை ஒருவர் வெளிப்படுத்துகின்றார். இது பாத்திர வார்ப்பு, வரலாற்றை ஆக்குதலன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே மயக்கத்துக்குக் காரணமாகின்றது.

வரலாற்றை ஆக்கும் தெரிவு வேறோரிடத்திற் பிறந்தது. 1999 இல் வெளிவந்த 'அஷரன்ஸ் கோல்' விளையாட்டின் கதைப்படி, ஒரு தீய சக்தியைச் சிறையிட்டிருந்த படிகங்களை ஆடுவோர் உடைக்க வேண்டும். ஆனால், 2000 இல் 'திசில்டவுண்' என்னும் சேவையகத்தினர் எஞ்சிய படிகத்தை உடைக்க மறுத்து, அணிதிரண்டு அதனைக் காத்து நின்றனர். எந்தப் பட்டியலிலும் இத்தெரிவு இடம்பெற்றிருக்கவில்லை. ஈற்றில் விளையாட்டை ஆக்கியோரே பாத்திரங்களாக உட்புகுந்து படிகத்தை உடைக்க நேர்ந்தது. காத்தவர் நினைவாக ஒரு சின்னமும் அங்கு எழுப்பப்பட்டது. கதை மாறவில்லையெனினும், அதனை நடத்தியோர் தம் கையை வெளிக்காட்ட வேண்டியதாயிற்று.

தனிமனிதனுக்கு நீட்டப்படும் இரு விடைகளுள் ஒன்றைத் தெரிவது நுகர்வோன் பெறும் சுதந்திரம். வினாவையே மறுத்துக் கூட்டாக நிற்பது வேறு வகைச் சுதந்திரம். எனினும் இரண்டாவதன் எல்லையையும் நாம் மறத்தலாகாது. 2017 ஜனவரி 31 இல் 'அஷரன்ஸ் கோல்' சேவையகங்கள் உரிமையாளரால் மூடப்பட்டன. நினைவுச்சின்னமும் அவற்றுடன் மறைந்தது. உலகம் நிலைக்க வேண்டுமா என்ற இறுதித் தெரிவு, அவ்வுலகில் வாழ்ந்தோரிடம் ஒருபோதும் கேட்கப்படவில்லை.