பல்பை ஒளித்துவைத்த விளக்கு

விளக்கு என்றால் பளிச்சென்று எரிய வேண்டும், அவ்வளவுதான் நம் கணக்கு. ஃபிளாட்டில் கூடத்துச் சுவரில் எல்.இ.டி. பல்பை மொட்டையாக மாட்டிவிடுகிறோம். அதற்கு எதிரே உட்கார்ந்து படிக்கிற பிள்ளை கண்ணைக் கசக்கினால், இன்னும் அதிக வாட்ஸ் வாங்கி வருகிறோம்! கண் கூசுவது வெளிச்சம் போதாததால் அல்ல, பல்பு நேரே கண்ணில் படுவதால்.

இதை 1920-களிலேயே பிடித்துக்கொண்டவர் டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் பவுல் ஹென்னிங்சன் (1894–1967). மண்ணெண்ணெய் விளக்கின் இதமான ஒளியில் வளர்ந்தவர் அவர். மின்விளக்கு வந்தபோது அந்த இதம் போய்விட்டதே என்று அவருக்கு ஒரே ஆதங்கம். லூயி பவுல்சன் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த விளக்கு 1925-இல் பாரிஸ் கண்காட்சியில் தங்கப்பதக்கம் பெற்றது. அடுத்த வருஷம் அதைச் செப்பனிட்டு, மூன்று மூடிகள் கொண்ட பி.எச். விளக்காக்கினார். தம் பெயரின் முதலெழுத்துகளையே அதற்கு வைத்தார்.

ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று மூடிகள். மேல்மூடியின் அகலம் நான்கு பங்கு என்றால் நடுமூடி ஏறக்குறைய இரண்டு, கீழ்மூடி ஒன்று. பல்பு இவற்றுக்கு நடுவில் ஒளிந்திருக்கும். சூட்சுமம் மூடிகளின் வளைவில் இருக்கிறது. கணிதத்தில் மடக்கைச் சுருள் என்று ஒரு வளைவு உண்டு, சில சங்கு, நத்தை ஓடுகளில் காண்கிறோமே, அந்தச் சுழி. அதன் மையத்திலிருந்து எந்தத் திசையில் கோடு இழுத்தாலும் அது வளைவை ஒரே கோணத்தில்தான் வெட்டும். அந்த மையத்தில் பல்பை வைத்தால்? ஒளிக்கதிர் மூடியில் எங்கே பட்டாலும் ஒரே சாய்வில் படும். ஓரிடத்தில் திட்டாகக் குவியாமல் சீராகப் பரவும். பெரும்பகுதி கீழே மேஜைக்கு, கொஞ்சம் பக்கவாட்டில் அறைக்கு. உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு பல்பு தெரியாது. சாதாரண கூம்பு மூடியில் இந்த வித்தை நடக்காது.

ஒரே தொல்லை, பல்புக் கம்பெனிகள் வடிவத்தையும் அளவையும் மாற்றிக்கொண்டே இருந்தன. மையம் தவறினால் கணக்கே போச்சு! அலுத்துப்போன ஹென்னிங்சன், எந்த பல்பைப் போட்டாலும் கூசாதபடி 1958-இல் பி.எச்.5 என்ற விளக்கைச் செய்தார். 50 சென்டிமீட்டர் அகலம், அதனால் அந்த 5. மஞ்சள்-பச்சை ஒளி நம் கண்ணுக்கு எளிதில் தெரியும், சிவப்பும் நீலமும் அவ்வளவாகத் தெரியாது. அதனால் உள்ளே சிவப்பு, நீலத் தகடுகள் வைத்து ஒளியின் நிறத்தையும் சரிக்கட்டினார். இன்றும் டேனிஷ் வீடுகளில் சாப்பாட்டு மேஜைக்கு மேலே அது தாழ்வாகத் தொங்குகிறது, உள்ளே எல்.இ.டி. பல்போடு.