தார் முடியும் இடத்தில் ஆரம்பிக்கிறது சவாரி!

'பைக்லயே கொல்லிமலை போயிட்டு வந்தேனாக்கும்' என்று யாராவது மார்தட்டினால் உடனே அசந்துவிடாதீர்கள். 'எந்த வழியா போனீங்க?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். காரவள்ளியிலிருந்து ஏறினேன் என்றால், சபாஷ்... ஆனால் அது தார் ரோடு. எழுபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட போர்டு. பஸ்ஸே ஏறுகிறது! முள்ளுக்குறிச்சிப் பக்கமாக ஏறினாலும் அதே கதைதான். 'மேல போனேனுங்க. ஒரு எடத்துல தார் முடிஞ்சு போச்சு. வண்டியைத் திருப்பல, அப்படியே உள்ள விட்டேன்' என்கிறாரே... அவர்தான் நம்ம ஆள்.

இந்தக் காரியத்துக்கு இங்கிலீஷில் 'ட்ரெயில் ரைடிங்', 'ஆஃப் ரோடிங்' என்று ஸ்டைலாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் இதற்கு நெடுங்காலமாக இருக்கும் பெயர், 'வேற வழியில்லீங்க, போய்த்தான ஆகோணும்!'

சேலம், நாமக்கல் சீமையை வெறும் சமவெளி என்று நினைத்துவிடாதீர்கள். ராசிபுரத்தில் நின்றுகொண்டு எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரு மலை கண்ணில் முட்டும். இந்தப் பக்கம் போதமலை, அந்தப் பக்கம் கொல்லிமலை, சேலத்துக்கு மேலே சேர்வராயன், தள்ளி கஞ்சமலை, ஜருகுமலை. நடுவில் செம்மண் மேட்டாங்காடு, மரவள்ளிக் கிழங்குத் தோட்டம், வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில்லாத ஏரிகள், திருமணிமுத்தாறு, மோகனூர்ப் பக்கம் போனால் காவிரி மணல். செம்மண், களிமண், மணல், சரளை, பாறை எல்லாம் அரைநாள் சவாரிக்குள் அடக்கம். வெளிநாட்டில் இதையெல்லாம் லாரியில் கொண்டுவந்து கொட்டி, வேலி போட்டு, டிக்கெட் வாங்குகிறார்கள்.

சரி, வண்டிக்கு வருவோம். 'இதுக்கெல்லாம் மூணு லட்ச ரூபா வண்டி வேணும் மாமா' என்கிறான் என் அக்கா பையன். அவனுக்கு சரித்திரம் தெரியாது. செம்மேட்டில் சிலையாக நிற்கிறானே வல்வில் ஓரி, அவன் காலத்திலேயே இங்கே ஆஃப் ரோடு வாகனம் உண்டு. அவன் குதிரைக்கும் ஓரி என்றே பெயராம். வண்டிக்கும் ஓட்டுகிறவனுக்கும் ஒரே பேர் என்றால் எவ்வளவு நெருக்கமாக இருந்திருப்பார்கள்!

குதிரைக்கு அப்புறம் பால்காரர்களின் ராஜ்தூத். பிறகு மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனியின் எஸ்டி. 1996-ல் அந்தத் தொழிற்சாலையே மூடிவிட்டாலும், எங்கள் பக்கம் கொட்டகைகளில் இன்னும் சில எஸ்டிகள் தார்ப்பாயை மூடிக்கொண்டு தூங்குகின்றன. ஆனால் உண்மையான ராஜா ஓசூரில் 1980-ல் பிறந்த டி.வி.எஸ். ஃபிப்டிதான். சிரிக்காதீர்கள். முட்டை அட்டை, புல்லுக்கட்டு, பால் கேன், பம்புசெட் மோட்டார், மாமியார் என்று எதைக் கட்டினாலும் வரப்பு மேலே போகிற வண்டி வேறு எது? இன்றைக்கு அது நாலு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 ஆகிவிட்டது. கியர் கிடையாது, கிளட்ச் லீவர் கிடையாது, எடை தொண்ணூறு கிலோவுக்குள். மண் பாதையில் எடைதான் பாதி ரகசியம். 2016-ல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் ஏறக்குறைய இருநூறு கிலோ. ரோட்டில் ராஜநடை. சேற்றில் சாய்ந்தால் மட்டும், தூக்குவதற்கு பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் கூப்பிட வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே 2011-ல் ஹீரோவின் இம்பல்ஸ் வந்தது. நம் ஜனங்களுக்கு அப்போது அந்த ருசி தெரியவில்லை. விற்காமல் நின்று போயிற்று. 2019-ல் அதே கம்பெனியின் எக்ஸ்பல்ஸ் 200 வந்தபோது காலம் மாறியிருந்தது. சாதாரண கம்யூட்டர் வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் ஆறரை அங்குலம் இடைவெளி என்றால், இதற்கு 220 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட எட்டே முக்கால் அங்குலம். அந்த இரண்டு அங்குலத்தில்தான் இன்ஜின் அடிப்பாகம் கல்லில் உடைவதும் உடையாததும் இருக்கிறது. முன் மட்கார்டு ஏன் கொக்கு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று பல பேர் கேட்கிறார்கள். ஃபேஷன் இல்லீங்க. மழை விட்ட மறுநாள் ஏரி வண்டலில் சாதாரண வண்டியை விட்டுப் பாருங்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே களிமண் அப்பி, வீல் சுற்றாமல் வண்டி நட்ட நடு ஏரியில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிடும்.

இந்த சமாசாரத்தில் நம்மவர்கள் உலக மேடையே ஏறிவிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். டக்கார் ராலி என்று ஒன்று. ஏறக்குறைய இரண்டு வாரம் பாலைவனத்தில் ஓட்டவேண்டும். பெங்களூர்க்காரரான சி.எஸ். சந்தோஷ் 2015-ல் அதை ஓட்டி முடித்த முதல் இந்தியர். 2024-ல் கேரளத்து ஹரித் நோவா அதில் 'ராலி 2' பிரிவில் முதலிடமே வாங்கிவிட்டார். அதே சந்தோஷ் 2021 டக்காரில் விழுந்து, தலையில் அடிபட்டு, டாக்டர்கள் அவரை மயக்கத்திலேயே வைத்திருந்து காப்பாற்றினார்கள். உலகத்தரமான ஹெல்மெட், கவசம் எல்லாம் போட்டிருந்த, பல வருஷம் பழகிய ஆளுக்கே அந்த கதி. இதை மனசில் ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

எங்கள் பக்கத்து மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் பழகி, பிறகு பைக்குக்கு மாறியவர். அவர் கையால் அடித்த இன்ஜின் கார்டு பாறையில் மோதினால் பாறை யோசிக்கும்! அவர் சொல்லும் முதல் பாடம்: "வண்டியைக் கொல்றது பள்ளம் இல்லீங்க... தூசி!"

உண்மைதான். நம் செம்மண் தூசி மாவு மாதிரி. நாலு பேர் வரிசையாகப் போனால், பின்னால் வருகிறவர் முன்னால் போகிறவரின் ரோட்டையே மூக்கால் உறிஞ்சுகிறார். இன்ஜினும் அதைத்தான் செய்கிறது. ஏர் ஃபில்ட்டர் அடைத்தால் இழுவை போகும். ஓட்டையாக இருந்தாலோ தூசி உள்ளே போய் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடும். அப்புறம் புகை, அப்புறம் போர் வேலை, அப்புறம் வீட்டில் சண்டை. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெரும்பாலும் ஸ்பாஞ்ச் ஃபில்ட்டர். மண்ணெண்ணெயில் அலசி, காய வைத்து, எண்ணெயில் முக்கிப் பிழிந்து போட்டால் புதுசு மாதிரி. இப்போது பல வண்டிகளில் எண்ணெய் தோய்த்த பேப்பர் ஃபில்ட்டர். அதைக் கழுவக் கூடாது, காற்றடித்து ஊதக் கூடாது. மாற்றத்தான் வேண்டும். கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு தார் ரோட்டுக்காரர்களுக்கு. மண்ணில் திரிகிறவர் அதில் பாதியிலேயே கழற்றிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது செயின். கிரீஸை வழிய வழியத் தடவுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதன் மேல் மணல் ஒட்டினால் செயினே அரமாக மாறி ஸ்ப்ராக்கெட்டைத் தின்றுவிடும். மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, தொண்ணூறு நம்பர் ஆயில் கொஞ்சமாக விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். செயினுக்குள் ரப்பர் வளையம் உள்ள புது வண்டி என்றால் பெட்ரோலால் கழுவவே கூடாது. ரப்பர் உப்பிப் போகும். இன்னொன்று, செயினை வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டாதீர்கள். ஷாக் அப்சார்பர் அதிகம் அமுங்கும் வண்டிகளில் பள்ளத்தில் இறங்கும்போது செயின் இன்னும் இறுகும். கியர் பாக்ஸ் பக்கத்து ஆயில் சீல்தான் பலி.

டயருக்கு வருவோம். கட்டை கட்டையாக இருக்கும் பட்டன் டயர் மண்ணில் பிடிக்கும். ஈரத் தார் ரோட்டில் வழுக்கும். எனவே திரும்பி வரும் வழியில் கொண்டை ஊசியில் சாகசம் வேண்டாம். ரோட்டில் 25, 30 என்று இருக்கும் காற்றை மண்ணில் 18, 20-க்கு இறக்கினால் டயர் படர்ந்து பிடிக்கும். 'இன்னும் இறக்கலாமே' என்று ஆசைப்பட்டால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி ஜோடியாக இரண்டு ஓட்டை விழும். டயர் ரிம்மில் வழுக்கி வால்வைப் பிய்த்துக்கொள்வதும் உண்டு. வீல் கம்பி வீலாகவே இருக்கட்டும். அடிபட்டால் வளையும், எந்த ஊர் சைக்கிள் கடைக்காரரும் ஓரளவுக்குப் பெண்டு எடுத்துவிடுவார். அலாய் வீல் விரிசல் விட்டால் வண்டியோடு சேர்த்து உங்களுக்கும் பெண்டு நிமிர்ந்துவிடும்.

ஓடையில் இறங்குமுன் இறங்கி நடந்து பாருங்கள். தண்ணீருக்குள் வண்டி மூச்சு முட்டி நின்றுவிட்டால், பதற்றத்தில் செல்ஃப் பட்டனை அமுக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை நசுக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றிவிட்டு உதையுங்கள். குழாய் மாதிரி பீய்ச்சிக்கொண்டு வரும். பிறகு ஏர் ஃபில்ட்டர் டப்பாவைத் துடைத்து, இன்ஜின் ஆயில் டீக்கடை டீ நிறத்தில் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் ஓட்டாதீர்கள். தள்ளுங்கள்.

மெக்கானிக்கின் மஞ்சப்பையில் எப்போதும் இருப்பவை: ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், டயர் லீவர், டியூப், கைபம்பு, உபரி கிளட்ச் கேபிள், இன்ஜின் ஓட்டைக்கு எம்-சீல், தேங்காய் நார்க் கயிறு, ஒரு துண்டு பார் சோப்பு. சோப்பு எதற்கு? பெட்ரோல் டேங்க் கசிந்தால் வைத்துத் தேய்க்க. "குளிக்கவும் ஆகும்ங்க" என்கிறார்.

இரண்டு எச்சரிக்கை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியை விடாதீர்கள். 1882-ம் வருஷத்து வனச் சட்டம் இன்னும் திடகாத்திரமாக இருக்கிறது. ஏரிக்கரை மேலே ஏற்றாதீர்கள். உங்களுக்கு அது ஒரு 'ஜம்ப்'. டயர் கிழித்த தடத்தில் அடுத்த மழைக்குத் தண்ணீர் வழி கண்டுபிடித்து, கரையை அரிக்க ஆரம்பிக்கும். கீழே ஒருத்தர் நெல்லு நட்டிருப்பார். அவர் தடியோடு வந்தால் நான் அவர் பக்கம்தான் நிற்பேன்.

போன கார்த்திகையில் மழை விட்ட மறுநாள், ஐந்து வண்டியாகக் கொல்லிமலையின் உட்பாதை ஒன்றில் போனோம். பெங்களூரிலிருந்து வந்த இரண்டு தம்பிகள் தலை முதல் கால் வரை கவசம். ரோபோ மாதிரி நடந்தார்கள். ஒரு செங்குத்து ஏற்றம். செம்மண் சேறு, அதில் உருளும் கற்கள். முதல் வண்டி பாதியில் நின்று பின்டயர் சும்மா சுற்ற, பின்னாலேயே எல்லோரும் நின்றோம்.

அப்போது மேலிருந்து ஒரு எக்ஸ்.எல். இறங்கி வந்தது. இரண்டு பக்கமும் வாழைத்தார். ஓட்டியவருக்கு ஐம்பது வயசிருக்கும், வேட்டியை மடித்துக் கட்டி, காலில் ரப்பர் செருப்பு. கல்லுக்கு நடுவே கோலம் போடுகிற மாதிரி வந்து, நிறுத்தி, எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"வண்டி மேல உக்காந்துக்கிட்டு முறுக்குனா குழிதான் தோண்டும் சார். எறங்கி, பக்கத்துல நடந்துக்கிட்டே மெதுவா முறுக்குங்க. அதுவே ஏறிக்கும்."

ஏறியது. ஐந்து வண்டியும்!

அவர் வண்டியை விட்டு இறங்கி வந்தபோதுதான் கவனித்தேன், இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். என்ன ஆச்சு என்றேன்.

"ரெண்டு வருசம் ஆச்சு. இதே எறக்கம்தான். வண்டி சாஞ்சுது, கால் அடியில மாட்டிக்கிச்சு. கணுக்கால் ஒடைஞ்சு பிளேட்டு வச்சாங்க. நாலு மாசம் வேலைக்குப் போகல. அந்த வருசம் வாழையை யாரு வெட்டுறது, யாரு கீழ கொண்டு போறது? பாதி மரத்துலயே பழுத்துப் போச்சு."

மண் பாதையில் விழுவது பெரும்பாலும் மெதுவாகத்தான் விழும். ஆனால் வண்டியின் எடை முழுக்க ஃபுட்ரெஸ்ட் வழியாகக் கணுக்காலில் இறங்கும். பாதம் ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம் திருகும். அதைத் தாங்கத்தான் பைக் பூட்ஸ் முழங்கால் வரை வருகிறது. அடியில் வளையாத அட்டை, பக்கவாட்டில் கெட்டிப் பட்டை. தலைக்கு ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டும் காலுக்கு பூட்ஸும் முதலில். முழங்கால் கார்டும் கையுறையும் அடுத்து. கலர் கலரான ஜெர்ஸி எல்லாம் கடைசியில்தான். இதில் வேடிக்கையாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பொழுதுபோக்குக்காக மாதம் ஒருமுறை இந்தப் பாதையில் வருகிற எங்களுக்கு பூட்ஸ் இருக்கிறது. தினம் இரண்டு தடவை ஏறி இறங்குகிறவருக்கு ரப்பர் செருப்பு.

அவர் என் பேச்சைக் கேட்டபடியே பெங்களூர்த் தம்பியின் பூட்ஸைத் தொட்டுப் பார்த்தார். விரலால் தட்டினார். கணுக்கால் பக்கம் அழுத்தினார்.

"என்ன வெலைங்க சார் இது?"

தம்பி தயங்கித் தயங்கி, பதினஞ்சாயிரம் சொச்சம் என்றான். பெரியவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பழசு கெடைக்குமா? எனக்கு இல்ல. எம்பையன் கீழ காலேசுல படிக்கிறான். தெனம் விடிகாலை இருட்டுல இந்த வழியாதான் எறங்குறான். எட்டாம் நம்பர் காலு."

தம்பி குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான். ஒன்பதாம் நம்பர். "உள்ள ரெண்டு சாக்ஸ் போட்டா சரியா இருக்கும்ணா" என்று சொல்லிக்கொண்டே, சேற்றில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து கொக்கியைக் கழற்ற ஆரம்பித்தான். மிச்ச வழிக்கு அவனை ஓட்டவிடவில்லை. மெக்கானிக்கின் பின்னால் உட்காரவைத்து, ரப்பர் செருப்போடுதான் சோளக்காடு வரை கூட்டி வந்தோம்.