தொட்டாச்சிணுங்கியின் கணக்கு

“பாப்பா சரியான தொட்டாச்சிணுங்கிங்க. ஆரு வந்தாலும் உள்ள ஓடீரும்.” விருந்தாளிக்குக் காபி கொடுத்துக்கொண்டே கொங்கு வீடுகளில் அம்மாக்கள் சொல்லும் வழக்கமான சமாதானம் இது. அந்தப் பட்டப்பெயருக்கு உரிய செடியை ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் வாய்க்கால் கரைகளிலும் வால்பாறைப் பாதையோரங்களிலும் பார்க்கலாம். ஈரம் இருந்தால் போதும், தரையோடு தரையாகப் படர்ந்துவிடும். இளஞ்சிவப்பில் பஞ்சு உருண்டை போலப் பூக்கும். தண்டெல்லாம் முள், வெறுங்காலோடு வரப்பில் நடப்பவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

நம் மண்ணிலேயே பிறந்ததுபோல் பழகிவிட்டாலும், இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் தம் நூலில் ‘மிமோசா பூடிகா’ என்று இதைப் பதிவு செய்தார். தொட்டால் சுருங்கும் இதே குணமுள்ள ஒரு செடி நம் பக்கத்திலும் உண்டு. பாலக்காட்டுக்காரர்கள் முக்குற்றி என்று அழைக்கும் அந்த மஞ்சள் பூச்செடி ஈர நிழலில் வளரும். தொட்டால் அதுவும் இலையை மடக்கும், கொஞ்சம் நிதானமாக.

தொட்டாச்சிணுங்கி அப்படியல்ல. நுனியில் விரல் பட்டதும் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மேல்நோக்கிச் சேர்ந்துகொண்டே வரும். தொடுகை பலமாக இருந்தால் முழுக் காம்பும் பொத்தென்று கீழே சரியும். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சிறு புடைப்பு ஒன்று இருக்கிறது. வித்தை முழுவதும் அங்கேதான். தொட்டதும் மின் சைகை ஒன்று அங்கே பாய்கிறது. புடைப்பின் அடிப்பக்கச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, அதன் பின்னாலேயே தண்ணீரும் வெளியேறுகிறது. செல்கள் தொய்ந்து காம்பு சரிகிறது. தண்ணீர் திரும்ப ஏறி இலை நிமிரக் கால் மணி நேரம் போல ஆகும். ஜகதீஷ் சந்திர போஸ் இந்தச் சைகையைத் தம் கருவிகளால் அளந்தார். ஐரோப்பிய அறிஞர்களின் கண்முன்னே செய்து காட்டுவதற்காக 1914-இல் செடிகளையே கப்பலில் கொண்டுபோனார்.

எதற்காக இந்தப் பாடு? ஜப்பானில் சைட்டாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் ஒரு விடை தந்தார்கள். அந்தப் புடைப்பே இல்லாத செடிகளை மரபணுத் திருத்தத்தால் உருவாக்கி, வெட்டுக்கிளிகளை விட்டுப் பார்த்தார்கள். இலை மடக்கத் தெரியாத செடிகளை வெட்டுக்கிளிகள் கூடுதலாக மேய்ந்திருந்தன. போதாததற்கு முள் வேறு, ஆட்டுக்கு வெட்டிப் போடும் சவுண்டல் தழையில் இருக்கும் அதே மிமோசின் நஞ்சு வேறு.

ஆனால் இலையை மடக்கினால் வெயில் கிடைக்காது. வெயில் இல்லாமல் உணவு தயாராகாது. எதற்கு மடக்குவது, எதற்கு வேண்டாம் என்று செடி பார்த்தாக வேண்டும். மோனிகா கல்யானோ என்ற ஆய்வாளர் 2014-இல் வெளியிட்ட சோதனை இந்த இடத்தில்தான் அருமை. தொட்டிச் செடிகளைச் சுமார் 15 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப மெத்தென்று விழவிட்டார். முதலில் பயந்து மடங்கிய இலைகள், கெடுதல் ஒன்றும் இல்லை என்றானதும் விரிந்தபடியே இருந்தன. அதே செடியைப் பிடித்து உலுக்கியபோது மட்டும் மடங்கின. சோர்ந்துபோய் மடக்காமல் விட்டுவிடவில்லை என்பது அதில் உறுதியானது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து விழவிட்டபோதும் அவை மடங்கவில்லை.

மனிதக் குழந்தைகளிடம் செடியின் இந்தச் சிணுங்கலுக்கு இணையான ஒன்றை ஹார்வர்டு உளவியலாளர் ஜெரோம் கேகன் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புது ஓசை, புது வாசனை, ஆடும் பொம்மை ஆகியவற்றைக் காட்டியபோது, ஐந்தில் ஒரு குழந்தை போல, கைகாலை உதறி அழுதது. வளர்ந்தபின் புதியவர்களைக் கண்டு ஒதுங்கியவர்கள் அந்தக் குழந்தைகளில்தான் அதிகம். பெற்றவர்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்ததாலோ கண்டிக்காமல் விட்டதாலோ வந்ததல்ல அது. பிறவியிலேயே அமைந்த உடம்புவாகு. ஊராரின் கேலிக்கு இடமாகவே கூடாத விஷயம்.

அந்தக் குழந்தைகளில் கடைசிவரை அதே கூச்சத்தோடு இருந்தவர்கள் சிறுபான்மைதான். எதற்கும் விடாமல் பொத்திப் பொத்தி வளர்த்த வீடுகளைவிட, புதிய ஆட்களையும் இடங்களையும் சிறுகச் சிறுகப் பழக்கிவிட்ட வீடுகளில் கூச்சம் குறைந்ததை அந்த ஆய்வுக் குழு கண்டது.